மனு எலியேசர் இருபது சதுர அடி கொண்ட காதை

வாழ்க எலியேசர்! வெள்ளைத்தாளின் வேந்தர், கார்பன் தாளின் காவலர், நீலமை தோய்ந்த நெடுவிரலார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மார்பில் பதக்கமெனப் பூண்ட மாண்பினர், பொருநையாற்றுக் கூழாங்கல் ஒன்றைக் காகிதக் கட்டின் தலையில் அமர்த்தி ஆடிக்காற்றையும் அடக்கிய ஆற்றலர், நிழல் நடக்கும் திசையெல்லாம் நாற்காலியோடு தாமும் நடந்த நெடும்பயணி, ஊரார் துயரத்தையெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குள் மடித்துக் கொடுத்த ஒப்பிலி, இருபத்து மூன்று ஆண்டுகளாக வட்டாட்சியர் அலுவலக வளாகத்துப் புங்க மரத்தடியில் மடக்கு மேசை விரித்து மனு எழுதிவரும் அந்த மாவீரர், தாம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே மேலும் உட்காருவதற்கு அரசாங்கத்திடம் உரிமம் வேண்டிப் பன்னிரண்டு நாள் பொருத பெரும்போரைப் பாட எழுந்தேன். எனக்குப் பாட வராது; ஆகையால் சொல்கிறேன்.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்துப் பாறைகளோடு மோதி, நெல்லுக்கும் வாழைக்கும் வாரி இறைத்து, மிச்சத்தைப் புன்னக்காயலில் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஓய்கிற பொருநைத் தாயே, அடியேன் நாவில் வந்து அமர்வாயாக! உனக்கு வேறு வேலை இருந்தால் வர வேண்டாம். அலுவலக வாசலில் கிடைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக் காபி ஒரு தம்ளர் போதும், சமாளித்துக்கொள்வேன்.

நெல்லைக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது அந்த அலுவலகம். எந்த ஊர் என்று சொன்னால் அங்கிருப்பவர்களுக்கு வருத்தம். சொல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்தான் என்று சண்டைக்கு வருவார்கள். எப்படியும் வம்புதான் என்பதால் சொல்லாமலே விடுகிறேன். நெடுமதில் சூழ்ந்த அவ்வளாகத்தின் நடுவே, வேருக்கு ஒரு துறையும் கிளைக்கு ஒரு துறையும் பொறுப்பு என்று கோப்புகளில் கிடக்கும் அந்தப் புங்க மரம், எந்தத் துறையையும் கேட்காமல் தழைத்து நின்றது. காலையில் அதன் நிழல் மேற்கே விழும். எலியேசர் மேற்கே இருப்பார். உச்சியில் நிழல் தூரோடு ஒட்டிக்கொள்ளும். எலியேசரும் தூரோடு ஒட்டிக்கொள்வார். பிற்பகலில் கிழக்கே சாயும். எலியேசரும் கிழக்கே சாய்வார். நாளொன்றுக்கு இருமுறை மேசை தூக்கிய அப்பெருமகனை வைத்தே வளாகத்தில் மணி சொன்னார்கள். மேசை மேற்கே இருந்தால் டோக்கன் இன்னும் கிடைக்கும். தூரடியில் இருந்தால் அதிகாரி சாப்பிடப் போகும் நேரம். கிழக்கே இருந்தால் நாளைக்கு வாருங்கள் என்று பொருள்.

அவருடைய போர்முறை இது. வந்தவரை எதிரே உட்கார்த்தி, "கஷ்டத்தைச் சொல்லும்" என்பார். சொல்லி முடிக்கும் வரை பேனாவைத் திறக்க மாட்டார். பிறகு ஒரே மூச்சில் எழுதி, கடைசியில் மனுதாரர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி ஒன்று போட்டு, "இங்கன போடும்" என்று தாளைத் திருப்பிக் கொடுப்பார். இடது மூலையில், எழுதியவர் என்று அச்சிட்ட ரப்பர் முத்திரையைக் குத்தி, அதன்மேல் 'எ' என்று ஒற்றை எழுத்தைச் சுழித்துவிடுவார். இருபத்து மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் மனுக்களுக்கு அந்த ஒற்றை 'எ' காவல் நின்றது என்பதை யார் எண்ணினார்? கைப்பேசியிலேயே எல்லாம் நடக்கிற இக்காலத்திலும், கணினியில் ஏற்றுவதற்கு முதலில் ஒரு காகிதம் வேண்டுமே, அந்தக் காகிதம் மரத்தடியில்தான் பிறந்தது.

இப்படி அவர் செங்கோல் செலுத்திவந்த நாளில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, அறிவிப்புப் பலகையில் பசைகூடக் காயாமல் வந்து ஒட்டிக்கொண்டது அந்த ஆணை. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இவ்வளாகத்தின் திறந்தவெளி முழுவதும் இருசக்கர வாகன நிறுத்தமாக மாற்றப்படவிருப்பதால், அரசு நிலத்தில் இதுகாறும் அமர்ந்து தொழில் செய்துவருவோர், இருந்து பயன்படுத்துவதற்கான ஓராண்டு உரிமம் கோரி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உரிய வரைபடத்துடன் விண்ணப்பிக்க வேண்டும், தவறுவோர் அகற்றப்படுவர்."

அகற்றப்படுவர்! அந்த ஒரு சொல்லைப் படித்தபோது எலியேசரின் மூக்குக்கண்ணாடி தானாகவே மார்பில் விழுந்தது. மதிலுக்கு வெளியே இடம் இல்லாமல் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி, உட்கார விரும்புவோர் எல்லோரும் உட்காரலாம். ஆனால் அவரைத் தேடி வருகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது, விலாசம் தெரியாது, கைப்பேசி எண் தெரியாது. மரத்தடி அண்ணாச்சி என்று மட்டும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர், மரத்தடியில் ஆளைக் காணாவிட்டால் அண்ணாச்சி செத்துப்போனார் என்று முடிவு செய்துகொண்டு அடுத்த பேருந்தில் ஊர் திரும்புவார். மரம் போனால் எலியேசரும் இல்லை. அவர் உண்மையாகவே பயந்தார்.

எதிரி யார் என்று கேட்பீர்கள். பதிவறை எழுத்தர் ஜேக்கப்பின் புத்தம்புதுச் செந்நிற ஸ்கூட்டரே எதிரி! செங்கடலை ஒத்த மேனியும், சினங்கொண்ட சேவலின் குரலும் கொண்ட அவ்வூர்தி, மூன்று மாதமாகவே நிழலின் ஓரத்தில் முன்சக்கரத்தை மட்டும் நுழைத்து, மறுநாள் இன்னும் ஒரு சாண், அதற்கு மறுநாள் இன்னும் ஒரு சாண் என்று படையெடுத்துக்கொண்டிருந்தது. நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: சித்திரை வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கையில் மாலை ஐந்தே முக்காலுக்கு உட்காருவது தோசைக்கல்லில் உட்காருவதுதான். ஜேக்கப் கெட்டவர் அல்லர், சூடு பட்டவர். ஆணை ஒட்டப்பட்ட அன்று அவர் மரத்தடிக்கு வந்து, தொண்டையைச் செருமி, "அண்ணாச்சி, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆர்டர்தான் சொல்லுது. லைசென்ஸ் இருந்தா உக்காருங்க, இல்லைன்னா வண்டி நிக்கும்" என்று போர்முரசு கொட்டிவிட்டுப் போனார்.

எலியேசர் அஞ்சவில்லை என்று எழுதத்தான் ஆசை. அஞ்சினார், ஆனால் நின்று அஞ்ச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வளாகத்தில் இளநீர் வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், சுண்டல்காரர், விண்ணப்பப் படிவம் விற்கிறவர் என்று பதினொரு பேர், பதினொரு ஆணைப் பிரதிகளோடு பதினொரு கவலைகளோடு மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பதினொருவருக்கும் கஷ்டம் கேட்டார், பதினொருவருக்கும் எழுதினார், பதினொரு பெருக்கல் குறி போட்டார். பன்னிரண்டாவதாகத் தமக்கு எழுத உட்கார்ந்தபோது அடுத்த வாரத்துப் புதன்கிழமை ஆகிவிட்டது.

அங்கேதான் அவருக்கு முதல் அடி விழுந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. "கஷ்டத்தைச் சொல்லும்" என்று பழக்கத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. சரி, கை ஓடினால் கருத்தும் ஓடும் என்று பேனாவை வைத்தார், கை ஓடியது, 'மாண்புமிகு ஐயா அவர்களின் பொற்பாதங்களில் பணிந்து எழுதிக்கொள்வது, என் கணவர் காலமாகி' என்று எழுதிவிட்டு நின்றது. எலியேசருக்குக் கணவர் கிடையாது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு' என்று வந்தது. அவருக்கு ஒரே மகன், ஷார்ஜாவில் குளிர்சாதன எந்திரம் பழுது பார்க்கிறான். ஊர் முழுக்கத் துக்கம் எழுதிய அந்தக் கைக்குச் சொந்தத் துக்கம் எழுதப் பழக்கம் இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மரத்தைப் பற்றி எழுதினார், வெயிலைப் பற்றி எழுதினார், 2015 மழையில் மேசை மிதந்ததைப் பற்றி எழுதினார், நான்கு பக்கம் எழுதினார். நான்காம் பக்கத்தில் அவருக்கே கண் கலங்கியது.

மதிலுக்கு அப்பால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரசீத், இவருடைய இருபதாண்டுச் சிநேகிதர், மனுவை நகலெடுக்கும் முன் நின்றபடியே படித்தார். முதற்பக்கத்தில் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் கைக்குட்டையை எடுத்தார். முடிவில் இப்படி முழங்கினார்: "வே எலியேசரே, இதைப் படிச்சா தாசில்தாரு அழுதுருவாரு, சந்தேகமே இல்ல. ஆனா ஒமக்கு என்னதான் வேணும்னு நாலு பக்கத்துலயும் எங்கயும் இல்லையே வே!"

எலியேசர் வாங்கிப் பார்த்தார். உண்மைதான், உரிமம் என்ற சொல்லே இல்லை. அவசரமாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'ஆகவே நான் உட்கார்ந்திருக்கும் இருபது சதுர அடியில் உட்கார அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' பென்சிலை எடுத்துக் கீழே சிறிய பெருக்கல் குறி போட்டார். முத்திரையைக் குத்தினார், 'எ' சுழித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பெருக்கல் குறியை வாசகர் மறக்க வேண்டாம், அவர் மறந்துவிட்டார்.

இனி வருவது எல்லை காண் படலம். வியாழன் காலை ஒன்பதரை மணிக்கு, ஐம்பது மீட்டர் நாடாவை அரவமெனச் சுருட்டிக் கையிலேந்தி, குறிப்பேட்டைக் கேடயமெனக் கக்கத்தில் இடுக்கி, முந்திய நாளே பதினொரு இடங்களை அளந்து வென்ற களைப்போடு வந்து சேர்ந்தார் நில அளவர் இசக்கிச்செல்வி. வயது முப்பதுக்குள். கணக்கில் புலி, ஆள் பார்த்து மீட்டரை நீட்டுவதோ குறைப்பதோ இல்லை என்று ஊரெல்லாம் நல்ல பெயரும் கெட்ட பெயரும் வாங்கியவர்.

"அண்ணாச்சி, ஒங்க இடம் எது?"

"இதாம்மா. இந்தா, மேசை கெடக்குல்லா."

"நேத்து சாயங்காலம் நான் போகும்போது அந்தப் பக்கமில்லா இருந்தீங்க?"

"அதும் என் இடந்தான்."

"மத்தியானம்?"

எலியேசர் மரத்தின் தூரைப் பார்த்தார். இசக்கிச்செல்வியும் பார்த்தார். பிறகு அந்த நில அளவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, மெதுவாக, நோகாமல் சொன்னார்: "மூணு எடத்துக்கு மூணு ஆளுல்லா வேணும்? ஒரு மனுவுக்கு ஒரு எடந்தான் அண்ணாச்சி. மரத்துத் தூரு கேக்காதீங்க, மரம் எங்க கணக்குல வராது. காலையிலயா, சாயங்காலமா, நீங்களே சொல்லுங்க."

இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தாம் ஆண்டது நிலம் அன்று, நிழல் என்பது எலியேசருக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலத்துக்கு நான்கெல்லை உண்டு. நிழலுக்கு எல்லை சூரியனிடம் இருக்கிறது, சூரியனோ எந்த வட்டத்துக்கும் கட்டுப்பட்டவன் அல்லன். மேற்கைப் பார்த்தார், கிழக்கைப் பார்த்தார். மேற்கே காலையில் டோக்கன் வாங்க ஓடிவரும் கூட்டம். கிழக்கே மாலையில் டோக்கன் கிடைக்காமல் சோர்ந்து திரும்பும் கூட்டம். இருவருமே அவருக்கு வேண்டியவர்கள்தான்.  பிறகு கூழாங்கல்லை எடுத்து மேசைமேல் ஓங்கி வைத்து, வளாகமே திரும்பிப் பார்க்க அறைகூவினார்: "காலை எடமே என் எடம்! சனம் நம்பிக்கையோட வாரது காலையிலதான். வெயில் வந்தா கொடை இருக்கு. கொடை கிழிஞ்சா தலை இருக்கு. அளம்மா!"

இசக்கிச்செல்வி அளந்தார். வடக்கே பதிவறைச் சுவர், கிழக்கே புங்க மரம், தெற்கே நடைபாதை, மேற்கே குடிநீர்த் தொட்டி. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட பரப்பு ஒன்று புள்ளி எட்டு ஆறு சதுர மீட்டர் என்று குறித்துக்கொண்டார். இருபது என்று நினைத்திருந்த சாம்ராஜ்யம் இரண்டுகூட இல்லாமல் போனதில் எலியேசருக்குச் சிறிது மனக்குறைதான். வரைபடம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை! கெடு முடியும் நாள்! தபால் பிரிவுச் சாளரத்தின் முன் அன்று நின்ற வரிசையை என்னவென்று சொல்வேன்? குடைகளும் கோப்புகளும் ஓங்கி, மஞ்சள் பைகளும் தண்ணீர்க் குப்பிகளும் மோதி, 'நான் இவங்களுக்குப் பின்னாடி', 'இவரு இப்பதான் வந்தாரு' என்னும் வாள்வீச்சுகள் மின்ன, படிக்கட்டு தாண்டி, குடிநீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்து கிடந்தது அது. அவ்வரிசைக்கு ஆயிரமாயிரம் பேரை ஏவிவிட்ட தளபதி எலியேசர். ஆனால் தாம் ஒருநாளும் அதில் நின்றதில்லை. எங்கே நிற்க வேண்டும், யாரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும், முன்னால் இருப்பவர் முதுகை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதொன்றும் அவருக்குத் தெரியவில்லை. இருமுறை அவரை யாரோ தாண்டிப் போனார்கள். அவர் வழிவிட்டு, "போங்க, போங்க" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் ஞானசௌந்தரி. புன்னக்காயலில் கருவாடு போடுகிறவர். கடற்கரை மணலில் மீன் காயப்போடும் இடத்துக்குப் போன வருடம் உரிமம் வாங்கியது எலியேசர் எழுதிய மனுவால்தான். இப்போது அதைப் புதுப்பிக்கக் காலையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தாண்ட வந்த மூன்றாவது ஆளை அவர் முழங்கையால் நிறுத்தினார். "எங்க அண்ணாச்சி நிக்கது கண்ணுக்குத் தெரியலையோ? பின்னால போ." அந்த ஒரு முழங்கைக்கு முன்னால் முந்தினவர்கள் எல்லாம் பின்வாங்கினார்கள். எலியேசர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் சாளரத்தை எட்டினார்.

சாளரத்துக்கு அப்பால் வீற்றிருந்தவர் உதவியாளர் ஸ்ரீலக்ஷ்மி. முத்திரைக் கோலும் மைப்பெட்டியும் முன்னிருக்க, ஒரு நாளைக்கு முந்நூறு மனுக்களின் தலையெழுத்தை ஓங்கிக் குத்தி நிர்ணயிக்கும் வலக்கரம் அவருடையது. எலியேசரின் கையெழுத்தை எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும். அழகான கையெழுத்து என்பதால் அவருக்கு அதன்மேல் ஒரு பிரியமும் உண்டு. நான்கு பக்கத்தையும் புரட்டினார். வரைபடத்தைப் பார்த்தார். முத்திரையை உயர்த்தினார். உயர்த்திய கை உயர்ந்தபடி நின்றது.

"அண்ணாச்சி, மனுதாரர் கையெழுத்து இல்லையே."

அந்த இடத்தில், அந்த நொடியில், இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கம் எலியேசரின் நாவைப் பிடித்துக்கொண்டது. அவர் சட்டென்று திரும்பி, வரிசையை ஒருமுறை நோட்டம் விட்டு, சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வாசகத்தைச் சொல்லிவிட்டார்: "இப்பதான் மேடம் இங்கன நின்னாரு. டீ குடிக்கப் போயிருப்பாரு, இந்தா வந்துருவாரு."

 ஸ்ரீலக்ஷ்மி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது அவருடைய பெருந்தன்மை. அடக்க முடியாமல் உதடு துடித்தது வேறு விஷயம்.

"மனுதாரரே நீங்கதானே அண்ணாச்சி."

எலியேசர் தாளைப் பார்த்தார். இடது மூலையில் 'எ' சுழித்து நிற்கிறது. வலப்புறம் அவர் கையாலேயே போட்ட பென்சில் பெருக்கல் குறி, யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குறிக்கு மேலே எத்தனை பேரை அவர் குனிய வைத்திருக்கிறார்! அங்கே தாம் குனிய வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. காது மடல் சூடாகி, வெட்கம் கழுத்து வரை இறங்கியது. பேனாவுக்குச் சட்டைப்பையைத் தடவினார், பை காலி. பதினொரு பேருக்கும் இரவல் கொடுத்த பேனாக்கள் பதினொரு திசையில் போயிருந்தன. படையில்லை, கருவியில்லை, கடிகாரத்தில் ஐந்து நிமிடம்தான் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. உப்பில் வெடித்த விரல்கள். அவற்றில் மூடி கடித்த நீலப் பேனா. "அண்ணாச்சி, எங்கிட்ட எப்பவும் நீங்கதான சொல்லுவீங்க. இன்னைக்கு நான் சொல்லுதேன்" என்ற ஞானசௌந்தரி, எட்டிப் பெருக்கல் குறிமேல் விரலை வைத்தார். "இந்தா, இங்கன போடுங்க. பைய போடுங்க. நான் இருக்கேன்."

முதல் தடவை ரேகை வைக்க வந்த ஞானசௌந்தரியிடம், "பேரு எழுதத் தெரியும்லா, பின்ன எதுக்கு மை? பைய போடும், நான் இருக்கேன்" என்று அவர் சொன்ன வார்த்தைகள்தாம் அவை. எலியேசருக்கு நினைவு வந்தது. ஊருக்கெல்லாம் அச்சடித்தாற்போல் எழுதும் அந்தக் கை முதலில் 'எ' எழுதியது. ஒற்றை 'எ' போட்டே பழகியதால் அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் ஒரு கணம் தயங்கியது. லி எழுதினார், யே எழுதினார், பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டில் எழுதுவதைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு சர் வரைக்கும் எழுதி முடித்தார். கோணல்தான். ஆனால் முழுப்பெயர். அவர் கண் நனைந்திருந்ததை ஸ்ரீலக்ஷ்மி பார்த்தார், பார்க்காததுபோல் முத்திரையைக் குத்தினார். ஐந்தாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

பிறகு என்ன? உரிமம் வந்தது! எட்டாம் நாள் காலை, வட்டாட்சியரின் பச்சை மைக் கையொப்பமும், வட்ட முத்திரையும், பதினான்கு நிபந்தனைகளும் தாங்கி, எலியேசரின் திருக்கரத்தை அடைந்தது அவ்வோலை. ரசீத் அதை ஜெராக்ஸ் எடுத்தார், மூலத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக ஒட்டிக் கொடுத்தார். "வே, இனிமே மழையே வந்தாலும் ஒமக்குப் பயமில்ல" என்று வாழ்த்தினார். இளநீர்க்காரர் ஒரு காய் வெட்டி நீட்டினார். இசக்கிச்செல்வி வந்து நான்கு மூலைக்கும் நான்கு வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி வைத்தார். மேசை அந்தப் புள்ளிகளுக்குள், முன்னும் பின்னும் விரற்கடை தப்பாமல், அரியணையென அமர்ந்தது. காலை பத்து மணி. நிழல் அடர்ந்து, அழகாக விழுந்திருந்தது.

அவ்வேளை பார்த்து ஜேக்கப்பின் செந்நிற ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வளாகத்துள் நுழைந்து, பழக்கதோஷத்தில் மேற்குப்பக்கமாக முன்சக்கரத்தை நீட்டியது. எழுந்தார் எலியேசர்! உரிமத்தைக் கொடியென உயர்த்தினார், மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், நிபந்தனை நான்கை நிறுத்தி நிதானமாக, சாளரத்துக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்: "உரிமம் பெற்ற பரப்புக்குள் பிறருடைய வாகனமோ, உரிமம் பெற்ற பரப்புக்கு வெளியே உரிமதாரரின் மேசை, நாற்காலி முதலான எந்தப் பொருளுமோ வைக்கப்படலாகாது!" இரண்டாம் பாதியையும் அதே கம்பீரத்தில்தான் வாசித்தார். ஜேக்கப் முன்சக்கரத்தைப் பின்னிழுத்தார். "சரி அண்ணாச்சி, ரூல் ரூல்தான்" என்று கைகூப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், இனி யாருக்கும் சொந்தமில்லாத மரத்தின் தூரடியில் நிறுத்தினார். வளாகத்தில் பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

அன்று, நான்கெல்லையும் வென்று, நான்கு புள்ளிக்கு நடுவே, பச்சை மை சாட்சியாக, பொருநைக் கூழாங்கல் முடியாக, நாடாவும் அசைக்க முடியாத, ஆணையும் அகற்ற முடியாத, இரும்புக்குதிரையும் நெருங்க முடியாத ஒன்று புள்ளி எட்டு ஆறு சதுர மீட்டர் மண்ணின் ஒரே மன்னராக, முழுப்பெயரும் எழுதத் தெரிந்த எலியேசர் நிமிர்ந்து அமர்ந்து, "கஷ்டத்தைச் சொல்லும்" என்று முதல் மனுதாரரைப் பார்த்து இடியெனத் திருவாய் மலர்ந்தருளினார்.

பதினொன்றரைக்கு அங்கே வெயில் வந்ததும், மேசையைத் தூக்கி ஜேக்கப்பின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிழலில் போட்டுக்கொண்டார்.